வெள்ளைச் சட்டை உடம்பு

திருக்காட்டுப்பள்ளியைச் சுற்றியுள்ள கிராமங்களில் செத்துப்போகிற ஆண்கள் எல்லோருக்கும் ஒரே தோள்கள்தான். அவை என் வீட்டுக்காரருடைய தோள்கள். பெண்களுக்கு என்னுடையவை. இதைச் சொன்னால் கேட்பவர்கள் சிரிக்கிறார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும், எனக்குச் சிரிப்பு வந்து ரொம்ப நாளாகிவிட்டது.

என் வீட்டுக்காரர் பெயர் கிளமென்ட். கடைத்தெருவில் கிளமென்ட் கிராபிக்ஸ் என்று ஒரு கடை வைத்திருந்தார். கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ், காதுகுத்து பேனர், கண்ணீர் அஞ்சலி பேனர் எல்லாம் கம்ப்யூட்டரில் செய்து கொடுப்பார். அதே கடையில் நான் ஜெராக்ஸ் மிஷினைப் பார்த்துக்கொண்டேன். பிழைப்பு மோசமில்லாமல் நடந்தது. அதைக் கெடுத்தது இந்த சாஃப்ட்வேர்கள்தான் என்று நான் சொல்வேன். அவர் அப்படிச் சொல்ல மாட்டார். அவருக்கு யார் மேலும் கோபம் வராது. அவரிடம் எனக்குப் பிடிக்காத குணம் அது ஒன்றுதான்.

அவர் முதலில் கற்றுக்கொண்டது பேஜ்மேக்கர், எழுத்தைப் பக்கமாக அடுக்குகிற சாஃப்ட்வேர். ப்ளஸ் டூ முடித்துவிட்டு, அப்பாவோடு வயலில் இறங்கப் பிடிக்காமல் தஞ்சாவூரில் ஒரு இன்ஸ்டிட்யூட்டில் சேர்ந்தார். அங்கே ஒரு கம்ப்யூட்டருக்கு மூன்று பேர். மற்ற இரண்டு பேரும் கொடுத்துவைத்தவர்கள், வீட்டில் கம்ப்யூட்டர் இருந்தது. இவர் ஒரு அட்டையில் கீபோர்டை வரைந்து வைத்துக்கொண்டு வீட்டில் தட்டிப் பழகினார். என்னைப் பெண் பார்க்க வந்த அன்றைக்கும் அவர் விரல்கள் முழங்கால் மேல் தட்டிக்கொண்டே இருந்தன. என் அப்பா அதை நரம்புத் தளர்ச்சி என்று நினைத்துவிட்டார். கல்யாணம் நடக்காமல் போயிருக்கும். என் தலையெழுத்து, நடந்தது.

பேஜ்மேக்கரில் அவர் ராஜாவாக இருந்தார். யார் வீட்டுப் பத்திரிகையில் யார் பெயருக்கு முன்னால் யார் பெயர் வர வேண்டும், எந்தச் சித்தப்பாவை விட்டால் சண்டை வரும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. அப்புறம் ஊரெங்கும் ஃபிளெக்ஸ் பேனர் வந்தது. நோட்டீஸ் அடித்தவர்கள் எல்லோரும் பேனர் கேட்டார்கள். பேஜ்மேக்கரை வைத்துக்கொண்டு அதில் என்ன செய்வது? ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்ததும் பஸ் ஏறிக் கும்பகோணம் போய், தெரிந்தவர் கடையில் உட்கார்ந்து கோரல் டிரா கற்றுக்கொண்டு வந்தார்.

புதிதாகக் கற்றுக்கொள்வதைக்கூடச் செய்துவிடலாம், பழசை மறப்பதுதான் பெரிய பாடு என்பார். மனசுக்குத் தெரிந்துவிடும், விரலுக்குத் தெரியாது. கோரலைத் திறந்து வைத்துக்கொண்டு பேஜ்மேக்கர் பட்டனை அமுக்குவார். ஏதோ ஒன்று காணாமல் போகும். “சேசுவே” என்று தலையில் கை வைப்பார். ஒரு வருஷம் போல அந்தச் சேசுவே கேட்டது. பிறகு நின்றது. பிறகு கோரலிலும் ராஜாவானார்.

சாவு பேனர்கள் வர ஆரம்பித்தது அந்தக் காலத்தில்தான். எங்கள் பக்கத்தில் இது ஒரு சம்பிரதாயமாகவே ஆகிவிட்டது. பிணத்தைத் தூக்குவதற்கு முன்னால் பேனர் தெருமுனையில் நிற்க வேண்டும். ஆனால் செத்தவருக்கு உருப்படியான ஒரு போட்டோ இருக்காது. ரேஷன் கார்டைக் கொண்டுவருவார்கள். வெற்றுடம்பில் துண்டோடு வயலில் நிற்கிற போட்டோவைக் கொண்டுவருவார்கள். யாரோ ஒருவரின் கல்யாண குரூப் போட்டோவில், பின் வரிசையில், பாதி மறைந்த முகத்தைக் காட்டி “இவருதாங்க” என்பார்கள். முகம் கிடைத்துவிடும். உடம்புக்கு எங்கே போவது?

அதற்குத்தான் இவர் ஒரு வேலை செய்தார். வெள்ளைச் சட்டை போட்டு, தோளில் துண்டு போட்டு, இரண்டு கையையும் கூப்பி, பக்கத்து ஸ்டுடியோவில் நின்று ஒரு போட்டோ எடுத்துக்கொண்டார். அப்போது அவருக்கு முப்பத்து நாலு வயது. தோள் இரண்டும் நல்ல விரிவாக இருக்கும். அந்தப் போட்டோவில் கழுத்துக்கு மேலே வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தை ஒரு ஃபைலாக வைத்துக்கொண்டார். எந்தத் தலை வந்தாலும் அதன் மேல் வைத்துவிடலாம். ஃபைலுக்கு ‘உடம்பு’ என்றே பெயர். கூப்பிய கையில் கோயிலில் நான் போட்டுவிட்ட மோதிரம் தெரியும். அப்புறம் செத்த பிள்ளைமாரும் கள்ளரும் நாடாரும் எல்லோரும் என் கல்யாண மோதிரத்தைப் போட்டுக்கொண்டுதான் ஊரைக் கும்பிட்டார்கள்.

பெண்களுக்கும் வேண்டும் என்றார். என் கல்யாணப் பட்டுச் சேலையைக் கட்டிக்கொண்டு நானும் போய் நின்றேன். “உசுரோட இருக்கிறவ சேலைல செத்தவ மூஞ்சியையா வெப்பீங்க, வெளங்குமா இது” என்று என் மாமியார் கேட்டார். விளங்கவில்லைதான். சாவித்திரி டீச்சர் செத்தபோது நாலு ரோடு முனையில் பத்தடி உயரத்துக்கு நின்ற பேனரைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றுவிட்டேன். என் சேலை, என் கை, என் நெஞ்சு. தலை மட்டும் டீச்சருடையது. வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகத் தலைக்குக் குளித்தேன்.

சகாயராஜைப் பற்றி இங்கே சொல்லிவிடுகிறேன். எங்கள் கடையில் வேலைக்கு வந்தவன். மௌஸைப் பிடிக்கக்கூடத் தெரியாமல்தான் வந்தான். கோரலை முதலிலிருந்து கடைசி வரை இவர்தான் சொல்லிக்கொடுத்தார். மத்தியானச் சாப்பாடு எங்கள் வீட்டில். குழம்பில் காரம் ஜாஸ்தி என்று எனக்கே குறை சொல்வான், அவ்வளவு உரிமை. ஒருநாள் பென் டிரைவில் எங்கள் ஃபைல்கள் அத்தனையையும் ஏற்றிக்கொண்டு போய், எதிர்த்தாற்போல் கடை திறந்தான். இரண்டு உடம்பையும் சேர்த்துத்தான் கொண்டுபோனான். இவர் அவன் கடைத் திறப்புக்கு மாலை வாங்கிக்கொண்டு போனார். என்ன மனுஷனோ.

சகாயராஜ் கோரலோடு நிற்கவில்லை. தஞ்சாவூர் போய் ஃபோட்டோஷாப் கற்றுக்கொண்டு வந்தான். அவன் செய்கிற படத்தில் தலை எங்கே முடிகிறது, உடம்பு எங்கே ஆரம்பிக்கிறது என்று கண்டுபிடிக்க முடியாது. இவருடைய படத்தில் சட்டைக் காலருக்கு மேல் ஒரு கோடு தெரியும். அதுவரை யாரும் அதைக் கவனித்ததில்லை. ஒரு தடவை புருஷனைப் பறிகொடுத்த அம்சம் என்ற பெண் எங்கள் பேனரைப் பார்த்துவிட்டு, “கழுத்த அறுத்து வெச்ச மாதிரி இருக்கேய்யா” என்று அழுதாள். அவள் வேண்டுமென்று சொல்லவில்லை. ஆனால் அந்த வார்த்தை ஊரெல்லாம் சுற்றியது. அதற்குப் பிறகு சாவு வீட்டுக்காரர்கள் எங்கள் படியை மிதிப்பதற்கு முன்னால் ஒரு கணம் எதிர்ப்பக்கம் திரும்பிப் பார்த்தார்கள்.

இவருக்கு வாழ்க்கையில் வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. ஊரில் ஒரு சாவு என்றால் ஆட்கள் முதலில் தன் கடைக்கு ஓடி வர வேண்டும். துக்கத்தில் கை கால் ஓடாமல் வருகிறவர்களை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்து, பெயர்களைக் கேட்டு எழுதி, அந்த முகத்தைச் சரிசெய்து திரையில் காட்டுவார். அவர்கள் “ஆமா, அப்பாதான்” என்று சொல்லும்போது இவர் முகத்தைப் பார்க்க வேண்டும். அதை எதிர்க்கடைக்காரன் கொண்டுபோவதை இவரால் தாங்க முடியவில்லை.

ஆகவே நாற்பத்தைந்து வயதுக்கு மேல் ஃபோட்டோஷாப் கற்க உட்கார்ந்தார். பழைய கம்ப்யூட்டரில் அது ஓடாது, புதிது வாங்க வேண்டும் என்றார்கள். கல்யாண மோதிரம் விலைக்குப் போனது. யூடியூபில் பார்த்தார், பேசுகிறவன் மழை மாதிரிக் கொட்டிவிட்டுப் போய்விடுகிறான் என்றார். கடைசியில் எங்கே போனார் தெரியுமா, சகாயராஜிடமே போனார். சாயங்காலம் கடையை என்னிடம் விட்டுவிட்டு எதிர்ப்பக்கம் போய் ஸ்டூலில் உட்காருவார். அவன் சுழல் நாற்காலியில் உட்கார்ந்திருப்பான். கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் எனக்கு எல்லாம் தெரியும்.

“அண்ணே, இது கோரல் இல்லண்ணே. கைய எடுங்க” என்பான்.

இவர் கையை எடுத்துக்கொள்வார்.

ஃபோட்டோஷாப்பில் எல்லாம் லேயர் லேயராக இருக்கும் என்று எனக்குச் சொல்லிக்காட்டினார். அடியில் உடம்பு ஒரு லேயர், அதன் மேல் தலை ஒரு லேயர். கடையில் துணியை ஒன்றன் மேல் ஒன்றாக விரித்துக் காட்டுவதைப் போல. வேண்டுமென்றால் மேலே இருப்பதை எடுத்துவிடலாம், அடியில் இருப்பதற்கு ஒன்றும் ஆகாது. ஒன்றே ஒன்றை மட்டும் அவருக்கு யாரும் சொல்லவில்லை. கோரலில் வேலை முடிந்ததும் கன்ட்ரோலையும் ஈ-யையும் சேர்த்து அமுக்குவார், பேனர் அச்சடிக்கிற பிரஸ்ஸுக்கு அனுப்பத் தனியாக ஒரு ஃபைல் வரும். ஃபோட்டோஷாப்பில் அதே இரண்டையும் அமுக்கினால் மேல் லேயர் கீழ் லேயரோடு ஒட்டிக்கொள்ளும். திரையில் ஒரு வித்தியாசமும் தெரியாது.

சகாயராஜ் வேண்டுமென்றே சொல்லாமல் விட்டான் என்று இன்றைக்கும் நான் அடித்துச் சொல்வேன். “அவன் கோரல விட்டு எத்தனையோ வருஷம் ஆச்சு ஷீபா, அவன் விரலுக்கு அது மறந்திருக்கும்” என்று இவர் சொல்வார்.

ஃபோட்டோஷாப்பில் இவர் செய்த முதல் சாவு பேனர் பஞ்சநதத்துடையது. பக்கத்து ஊர் மிராசுதார். காதில் சிவப்புக் கல் கடுக்கன் போட்டிருப்பார், அந்தக் கடுக்கனை வைத்தே தூரத்தில் வருவது அவர் என்று சொல்லிவிடலாம். படம் பிரமாதமாக வந்தது. கழுத்தில் கோடு இல்லை. அவர் மகன் திரையைப் பார்த்துவிட்டு, “உக்காந்து பேசுற மாதிரி இருக்காருங்க” என்று சொல்லி இவர் கையைப் பிடித்துக்கொண்டான். இவருக்குத் தலைகால் புரியவில்லை. அந்தச் சந்தோஷத்தில் விரல் தன் பழைய புத்தியைக் காட்டிவிட்டது. கன்ட்ரோல் ஈ அமுக்கினார். ஏதும் வரவில்லையே என்று வேறு வழியில் ஃபைலை பிரஸ்ஸுக்கு அனுப்பினார். உடம்பு ஃபைலையும் சேவ் செய்து மூடினார். அன்று மத்தியானம் இரண்டு தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

எங்களுக்கு அடுத்து வந்த சாவு பேனர் வைரக்கண்ணுவுடையது. குறுவை நடவு சமயத்தில் அதே ஊரில் செத்துப்போனார். வைரக்கண்ணுவும் பஞ்சநதமும் ஜென்மப் பகை. ஒரு வாய்க்காலில் யார் முதலில் மடை திறப்பது என்று ஆரம்பித்த தாவா, கோர்ட்டுக்குப் போய், பிள்ளைகள் காலம் வரைக்கும் வந்துவிட்டது. ஒருவர் வீட்டு நல்லது கெட்டதுக்கு மற்றவர் போவதில்லை. ஒரு டீக்கடையில் இரண்டு பேரும் சேர்ந்து நின்றதை யாரும் பார்த்ததில்லை.

வைரக்கண்ணுவின் மகன் ராஜராஜன் நேராக எங்கள் கடைக்குத்தான் வந்தான். எதிர்ப்பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “நாலு மணிக்குத் தூக்கணுங்க. பத்தடி பேனர். எங்கப்பாவ நல்லா போட்டுக் குடுங்க” என்றான். இவர் அவனை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். உடம்பு ஃபைலைத் திறந்தார்.

“ஷீபா, இங்க வாயேன்” என்று மெதுவாகக் கூப்பிட்டார். போய்ப் பார்த்தேன். கழுத்துக்கு மேலே ஒன்றும் இருக்கக் கூடாத இடத்தில் பஞ்சநதம் சிரித்துக்கொண்டு இருந்தார். தலையை நகர்த்தினால் உடம்பும் சேர்ந்து நகர்ந்தது.

“என்னங்க இது?”

“ஒட்டிக்கிச்சு. பிரிய மாட்டேங்குது.”

“எதிர்த்தாப்புல அனுப்பிடுங்க. மிஷின் ரிப்பேர்னு சொல்லிடுங்க” என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். ராஜராஜன் வாசலில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். எதிர்க்கடையில் சகாயராஜ் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தான். இவர் மறுபடியும் திரைக்குத் திரும்பினார். பஞ்சநதத்தின் தலையை ரப்பரால் அழிக்கிற மாதிரி அழித்தார். அழிக்க அழிக்கக் கழுத்தும் காலரும் சேர்ந்து போகிறது என்று பாதியில் நிறுத்திவிட்டு, மிச்சத்தின் மேல் வைரக்கண்ணுவின் முகத்தைப் பெரிதாக்கி வைத்து மூடினார். முகம் பொருந்திவிட்டது. ராஜராஜனைக் கூப்பிட்டுக் காட்டினார். அவன் அழுதுகொண்டே தலையை ஆட்டினான். படம் தஞ்சாவூர் பிரஸ்ஸுக்குப் போனது. அவனுடைய ஆட்களே பைக்கில் போய் பேனரைச் சுருட்டியபடி நேராக ஊருக்கு வாங்கிக்கொண்டு போனார்கள். நாங்கள் பிரித்துப் பார்க்கவில்லை.

தெருமுனையில் மூங்கில் நட்டு அதைக் கட்டி நிறுத்தியிருக்கிறார்கள். வைரக்கண்ணுவின் தங்கை பூவம்மாள் மாரடித்துக்கொண்டே வந்தவள், பேனருக்கு எதிரே நின்று, “எங்கண்ணனுக்கு எப்பய்யா கடுக்கன் குத்துனீங்க?” என்று கேட்டிருக்கிறாள். அப்புறம்தான் எல்லோரும் நிமிர்ந்து பார்த்திருக்கிறார்கள். வைரக்கண்ணுவின் வலது காதுக்குப் பின்னால் இன்னொரு காது. அதில் சிவப்புக் கல் கடுக்கன். எங்கள் திரையில் அது ஒரு கடுகு அளவுக்குக்கூட இல்லை. பத்தடியில் கை அகலம் இருந்திருக்கிறது. கூட்டத்தில் யாரோ சிரித்துவிட்டார்கள். யார் என்று கடைசி வரை தெரியவில்லை, ஆனால் சிரிப்பை எல்லோரும் கேட்டிருக்கிறார்கள். வைரக்கண்ணு பேனர் இல்லாமல்தான் போனார்.

சுடுகாட்டிலிருந்து ராஜராஜன் நேராக எங்கள் கடைக்கு வந்தான். குளித்த ஈரம் காயவில்லை. கூட நாலைந்து பேர். சத்தம் போடுவார்கள், அடிப்பார்கள் என்று நான் இவருக்கு முன்னால் போய் நின்றேன். யாரும் என்னைத் தொடவில்லை. அவன் சத்தம்கூடப் போடவில்லை.

“எங்கப்பனையும் அந்தாளையும் ஒரே கழுத்துல வெச்சுட்டியேய்யா” என்றான்.

இவர் இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு நின்றார். அவர்கள் கம்ப்யூட்டர் பெட்டியை வயரோடு பிடுங்கித் தூக்கிக்கொண்டு போய்க் குடமுருட்டி ஆற்றில் போட்டார்கள். ஆற்றில் இரு கரையும் தொட்டுத் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. என் மோதிரமும் அவர் கற்றதும் அந்த இரண்டு உடம்பும் அதற்குள் இருந்தன. வேறு எங்கேயும் எடுத்து வைக்கிற வழக்கம் எங்களுக்கு இல்லை. போலீசுக்குப் போகலாம் என்று நான் கத்தினேன். “அவங்கப்பா செத்திருக்காரு ஷீபா” என்றார். இதற்கு மேல் அந்த மனுஷனிடம் என்ன பேசுவது?

அதற்குப் பிறகு எங்கள் படியை யாரும் மிதிக்கவில்லை. சாவுக்கு வராதவர்கள் கல்யாணத்துக்கும் வரவில்லை. ஜெராக்ஸ் மட்டும் கொஞ்ச காலம் ஓடியது, பிறகு கடையைக் காலி செய்தோம். இவருக்குச் சர்க்கரை கூடிப்போய் உடம்பு இறங்கிவிட்டது. வீட்டில் சும்மா உட்கார்ந்திருப்பார். விரல் மட்டும் முழங்காலில் தட்டிக்கொண்டிருக்கும். கோரலா ஃபோட்டோஷாப்பா என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

இந்த வருஷம் எங்கள் மகள் ஆஷ்லின் சென்னையிலிருந்து தன் பழைய லேப்டாப்பை அனுப்பிவைத்தாள். இவருக்கு உயிர் வந்த மாதிரி ஆகிவிட்டது. வீட்டிலிருந்தே செய்யலாம், வெளியூர்க்காரர்களுக்குச் செய்யலாம் என்றார். மறுபடியும் கன்ட்ரோல் ஈ அமுக்கிவிடாமல் இருக்க ஈ பட்டன் மேல் ஒரு பிளாஸ்திரியை ஒட்டிக்கொண்டார். முகத்தைக் கொடுத்தால் போனே உடம்பைப் போட்டுத் தருகிறது என்று ஆஷ்லின் ஊருக்கு வந்தபோது ஒரு ஆப் காட்டினாள். அதையும் நாலைந்து நாள் கற்றுக்கொண்டார். அது உடம்போடு சேர்த்து முகத்தையும் திருத்திவிடுகிறது, செத்த வீட்டில் இது யார் என்று கேட்டால் என்ன பதில் சொல்வது என்று மூடி வைத்துவிட்டார். “நம்ம உடம்பு இருந்தா போதும். சகாயராஜ்கிட்ட காப்பி இருக்கு. கேட்டா குடுப்பான்” என்றார்.

நானும் கூடப் போனேன். சகாயராஜ் எழுந்து நின்றுதான் வரவேற்றான், பொய் சொல்லக்கூடாது. டீ வரவழைத்தான். விஷயத்தைக் கேட்டதும் நாற்காலியில் சாய்ந்துகொண்டான்.

“அண்ணே, இப்பல்லாம் யாருண்ணே அந்த உடம்ப வெக்கிறா. எல்லாருக்கும் கோட்டு சூட்டு வேணுங்கறாங்க. ஏஐ போட்டுக் குடுத்துடுது.”

“தேவையில்லாததுதானே, குடுத்துடு” என்றேன் நான். காலையில் வரும் வழியில்தான் பஸ் ஸ்டாண்டு முனையில் ஒரு பேனரைப் பார்த்தேன். வெள்ளைச் சட்டை, துண்டு, கூப்பிய கை, என் மோதிரம்.

“அப்படி இல்ல அண்ணி. நம்ம கடை ஃபைல் எதையும் வெளிய குடுக்கறது இல்ல. ஒருத்தருக்குக் குடுத்தா எல்லாரும் கேப்பாங்க.”

“நம்ம கடையா? அது இவரு உடம்புடா. அது என் சேலைடா” என்றேன். டீ கிளாஸை வைத்த வேகத்தில் மேஜையெல்லாம் சிந்தியது.

இவர் என் கையைப் பிடித்து எழுப்பினார். “வர்றேன்ப்பா” என்று அவனிடம் சொல்லிவிட்டு வெளியே வந்தார். வழியெல்லாம் நான்தான் பேசிக்கொண்டு வந்தேன். அவன் குலத்தையே திட்டித் தீர்த்தேன்.

வீட்டுக்கு வந்ததும் பெட்டியைத் திறந்து ஒரு வெள்ளைச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டார். துண்டைத் தோளில் போட்டார். “போன்ல ஒண்ணு எடு, புதுசா பண்ணிக்கலாம்” என்று சுவரோரம் போய் நின்று கையைக் கூப்பினார். நான் எடுத்தேன். தள்ளி நின்று எடுத்தேன், கிட்டே போய் எடுத்தேன். தோள் இரண்டும் சரிந்துகிடந்தது. சட்டை ஆணியில் மாட்டின மாதிரித் தொங்கியது. துண்டு நிற்காமல் நழுவியது. கூப்பிய விரல்களில் ஒன்றுமில்லை.

போனை வாங்கி ஒவ்வொரு படமாகத் தள்ளிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் என்னிடம் திருப்பிக் கொடுத்தார்.

“நான் செத்தா சகாயராஜ் கடையிலயே அடிச்சிடு ஷீபா” என்றார். “என் உடம்பு அவன்கிட்டதான் இருக்கு.”

அவர் கழற்றிப் போட்ட சட்டையை எடுத்து மடித்து வைத்தேன்.